சாமான் வந்துவிட்டது, வசிப்புரிமை வரவில்லை

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் விசாவுக்கு அலைவார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அலைவார்கள், வாடகை வீட்டுக்கு அலைவார்கள். கட்டிலும் பீரோவும் பாத்திர பண்டமும் ஏற்றிய கண்டெய்னர் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் சுங்கத்துறை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். பழைய சாமானுக்கு யார் வரி போடப்போகிறார்கள் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. அது பாதி உண்மை. குடிபெயர்ந்து வருகிறவரின் புழங்கிய வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலான நாடுகள் விலக்குத் தரத்தான் செய்கின்றன. ஆனால் அந்த விலக்கு, சாமானைப் பார்த்துத் தரப்படுவதில்லை. ஆளைப் பார்த்துத் தரப்படுகிறது. வந்தவர் இதுவரை எங்கே வாழ்ந்தார், இனி எங்கே வாழப்போகிறார் என்பது முடிவான பிறகுதான் மேசை நாற்காலியைப் பற்றிய பேச்சே தொடங்கும்.

சிக்கல் இங்கேதான். வசிப்புரிமை இல்லாமலே இன்னொரு நாட்டில் மாதக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவர்கள் இப்போது ஏராளம். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் வீடு வாங்கிப் போட்டு, குளிர்காலத்தில் போய்த் தங்கும் பிரிட்டன்காரர்கள் இருக்கிறார்கள். மெக்சிகோவில் சுற்றுலா அனுமதியிலேயே காலத்தை ஓட்டும் அமெரிக்க ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள். மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சம்பாதிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். டொராண்டோவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ சூப்பர் விசாவில் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இருக்கிறார்கள். 2022 ஜூலை முதல் அந்த விசாவில் ஒரு தடவை நுழைந்தால் 5 ஆண்டுவரை தங்கலாம் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் வருகையாளர்கள்தான். இவர்கள் கொண்டுவரும் சாமானுக்கு வரி உண்டா, இல்லையா?

விலக்கு எதற்காகத் தரப்படுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இறக்குமதி வரியின் பழைய நோக்கம் உள்நாட்டுத் தொழிலைக் காப்பது. பத்து ஆண்டு புழங்கிய சோபா எந்தத் தச்சரின் பிழைப்பையும் கெடுப்பதில்லை. கூடுதல் மதிப்பு வரியான வாட், நுகர்வின் மேல் விழும் வரி. மான்செஸ்டரில் வாங்கிய சோபா அங்கேயே 20 சதவீதம் வாட் கட்டிவிட்டது. அதே சோபா கடல் தாண்டினால் இன்னொரு நாடு இன்னொரு தடவை வாங்குகிறது. வணிகர் ஏற்றுமதி செய்தால் உள்நாட்டில் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. வீட்டைக் காலிசெய்துகொண்டு போகிறவருக்கு அந்த வழி கிடையாது. இந்த இரட்டை வரியைத் தவிர்க்கத்தான் குடிபெயர்வோருக்கு விலக்கு. சுங்க நடைமுறைகளை உலக அளவில் ஒழுங்குசெய்ய 1999-இல் திருத்தப்பட்டு 2006-இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ உடன்படிக்கையும் இதைப் பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அதனால் நாட்டுக்கு நாடு விதி வேறு.

இந்த விதிகளில் விரிவாக எழுதப்பட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1186/2009 ஒழுங்குமுறை. அதைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் மற்ற பல நாடுகளின் விதிகளும் ஏறக்குறைய இதே அச்சில்தான் இருக்கின்றன. வருகிறவர் ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து குறைந்தது 12 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும். சாமான் பழைய வீட்டில் குறைந்தது 6 மாதம் அவர் கையில் இருந்து புழங்கியிருக்க வேண்டும். புது இடத்தில் குடியேறிய 12 மாதத்துக்குள் அது உள்ளே வந்துவிட வேண்டும்; இரண்டு மூன்று தவணையாகக் கொண்டுவந்தாலும் தடையில்லை. வந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, வாடகைக்கோ இரவலுக்கோ கொடுக்கவோ கூடாது. மதுவுக்கும் புகையிலைக்கும் விலக்கில்லை. தொழில் கருவிகளில் கையில் தூக்கிப் போகக்கூடியவை மட்டும் சேரும்: ஓவியரின் வண்ணப் பெட்டி போகும், அச்சகத்தின் இயந்திரம் போகாது.

இதில் கவனிக்க வேண்டியது, நிபந்தனை ‘வழக்கமான வசிப்பிடம்’ மாறுவது பற்றித்தான் இருக்கிறது. வசிப்பிட அட்டை வைத்திருப்பது பற்றி இல்லை. வழக்கமான வசிப்பிடம் என்றால் என்ன? வண்டிகளைத் தற்காலிகமாகக் கொண்டுவருவது பற்றிய 1983-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை ஒன்று இதற்கு இலக்கணம் சொல்கிறது: தொழில் உறவாலும் சொந்த உறவாலும் ஒருவர் ஆண்டில் குறைந்தது 185 நாள் வாழும் இடம். பல்கலைக்கழகத்தில் படிக்கப் போவதால் மட்டும் வசிப்பிடம் மாறிவிடாது என்றும் அதே ஆணை சொல்கிறது.

ஆக, குடியேற்றத்துறை, வருமான வரித்துறை, சுங்கத்துறை ஆகிய மூன்றும் ஒரே ஆளைப் பார்த்து மூன்று வேறு கேள்விகளைக் கேட்கின்றன. இங்கே தங்க அனுமதி இருக்கிறதா என்பது முதல் துறையின் கேள்வி. இங்கே எத்தனை நாள் இருந்து சம்பாதித்தார் என்பது இரண்டாவதின் கேள்வி. குடித்தனம் உண்மையிலேயே இடம் மாறிவிட்டதா என்பது மூன்றாவதின் கேள்வி. ஏட்டில் இவை தனித்தனி. நடைமுறையில், குடித்தனம் மாறியதற்கு ஆதாரம் கேட்கும் சுங்க அதிகாரி முதல் துறை தந்த அட்டையைத்தான் நீட்டச் சொல்வார். வேலை ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், பழைய வீட்டை விற்ற ஆவணம், பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் துணைக்கு வரும். அட்டை இல்லாவிட்டால் இவை தனியாக நின்று வழக்காட வேண்டியிருக்கும். அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்க அனுமதி உள்ளவர், ஆண்டில் 185 நாள் இங்கே வாழ்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், வரி விலக்கு கேட்ட அதே காகிதத்தில் குடியேற்றச் சட்டத்தை மீறியதையும் ஒப்புக்கொண்டவர் ஆகிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் பிரிட்டன்காரர்களுக்கு இந்தச் சுவர் 2021 ஜனவரி 1 அன்று எழுந்தது. அதற்கு முந்தைய நாள்வரை லண்டனிலிருந்து ஒரு வேனில் கட்டிலை ஏற்றிப் பிரான்ஸ் வீட்டில் இறக்கிவிட்டு வரலாம், கேட்பாரில்லை. அதற்குப் பிறகு அது மூன்றாம் நாட்டிலிருந்து வரும் சரக்கு. பயணிக்கு உள்ள சலுகை, விமானத்திலோ கப்பலிலோ வந்தால் 430 யூரோ, சாலை வழியே வந்தால் 300 யூரோ. ஒரு நல்ல மெத்தைக்குக்கூட அது போதாது. 2009 ஒழுங்குமுறையில் திருமணம் செய்துகொண்டு வருகிறவருக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது, வாரிசாகப் பெற்ற பொருளுக்கு இருக்கிறது. இரண்டாவது வீட்டுக்கு அத்தியாயம் இல்லை. ஸ்பெயின் தன் வாட் சட்டத்தில் இதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: வீடு சொந்தமாகவோ குறைந்தது 12 மாத வாடகைக்கு எடுத்ததாகவோ இருந்தால், அந்த வீட்டுக்கு வழக்கமாகத் தேவைப்படும் அறைகலன்களுக்கு விலக்குக் கேட்கலாம். எதிர்த் திசையில், பிரிட்டனுக்குக் குடிவருகிறவருக்கும் அதே 12 மாதம், 6 மாதம் கணக்குத்தான். அந்நாட்டு வருவாய் மற்றும் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து ஓர் எண் வாங்கிக்கொள்ள வேண்டும்.

விலக்குக் கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டிவரும்? பலர் ‘இறக்குமதி வரி’ என்ற பெயரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் மர மேசைக்கும் கட்டிலுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சுங்க வரி சுழியம். அடி விழுவது வாட்டில். வாட் 20 சதவீதம் உள்ள பிரான்ஸ் போன்ற நாட்டில் விலக்கு இல்லாத ஒருவர், 4,000 யூரோ மதிப்புள்ள சாமானை 3,000 யூரோ செலவில் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி 4,000-க்கு இல்லை. கொண்டுவந்த செலவும் சேர்ந்த 7,000-க்கு. 1,400 யூரோ ஆகிறது, அதாவது சாமான் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தொலைவு கூடக் கூட இந்த விகிதம் மோசமாகும். பழைய சாமானை நெடுந்தூரம் சுமப்பவரிடம் அரசு முக்கியமாகக் கப்பல் வாடகையின் மேல்தான் வரி வாங்குகிறது என்றால் மிகையில்லை.

மதிப்பைக் குறைத்துச் சொன்னால் தீர்ந்தது என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எங்கும் உண்டு. புழங்கிய பொருளுக்குத் தேய்மானம் கழித்து விலை சொல்வது நியாயம்தான். ஆனால் பொருள் உடைந்தால் நல்ல தொகை கிடைக்கட்டும் என்று காப்பீட்டுப் படிவத்தில் சோபாவுக்கு ஒரு விலையும், சுங்கப் பட்டியலில் அதில் கால்வாசியும் எழுதுகிறவர்கள், அந்த இரண்டு காகிதங்களும் ஒரே கோப்பில் அதிகாரியின் மேசைக்குப் போகக்கூடும் என்பதை யோசிப்பதில்லை.

லத்தீன் அமெரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்த விலக்கு வேறு வேலை செய்கிறது. அங்கே அது ஓய்வூதியர்களை இழுக்கும் தூண்டில். பனாமா ஓய்வூதிய விசாவில் வருகிறவர் 10,000 டாலர்வரை வீட்டுச் சாமானை ஒரு தடவை வரியில்லாமல் கொண்டுவரலாம். பிலிப்பைன்ஸின் ஓய்வுக்கால வசிப்பு விசாவில் அந்த வரம்பு 7,000 டாலர். கோஸ்ட்டா ரிக்கா 2021-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, முதலீட்டாளர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் ஒரு தடவை விலக்குத் தந்தது. இங்கெல்லாம் அனுமதி அட்டை வெறும் ஆதாரம் இல்லை, அதுவே தகுதி. சுற்றுலா அனுமதியில் வந்து பத்து ஆண்டு வாழ்ந்தவருக்கும் சலுகை இல்லை. நேற்று விசா வாங்கியவருக்கு உண்டு.

மெக்சிகோவின் முறை இன்னும் நுணுக்கமானது. நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் சாமானை நிலையாகக் கொண்டுவரலாம். தற்காலிக வசிப்புரிமை உள்ளவரின் சாமானும் தற்காலிகமாகவே உள்ளே வருகிறது: அனுமதி இருக்கும்வரை அது இருக்கலாம், அனுமதி முடிந்தால் ஆளோடு அதுவும் போக வேண்டும். கிளம்புவதற்கு முன் மெக்சிகோ தூதரகத்தில் சாமான் பட்டியலுக்கு முத்திரை வாங்க வேண்டும். பட்டியல் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும். மின்சாதனம் ஒவ்வொன்றுக்கும் கம்பெனிப் பெயர், மாடல், வரிசை எண் எழுத வேண்டும். மிக்சியைக் கவிழ்த்துப் பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒட்டுத்தாளில் உள்ள எண்ணை டார்ச் அடித்துப் படிக்கும் வேலை அது. சுற்றுலா அனுமதியில் வருகிறவருக்கு இந்த வாசல் கிடையாது.

தாய்லாந்து கெடுவை வைத்து வடிகட்டுகிறது. ஓராண்டு தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவரின் சாமான், ஆள் வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்து வந்த ஆறு மாதத்துக்குள் வந்தாக வேண்டும். மின்சாதனங்கள் தனியாளுக்கு வகைக்கு ஒன்று, குடும்பத்துக்கு இரண்டு. ஜப்பானில் வந்திறங்கிய அன்றே, பின்னால் சாமான் வருகிறது என்று படிவத்தில் எழுதி முத்திரை வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியேறினால் பிறகு வம்பு. சாமான் ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். சிங்கப்பூர் தாராளம்: 3 மாதம் புழங்கியிருந்தால் போதும், முதல் வருகைக்குப் பின் 6 மாதத்துக்குள் கொண்டுவந்தால் 9 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அங்கும் வசிப்பிடத்தை மாற்றிக்கொண்டு வருவதாக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை.

இனி, வசிப்புரிமையைக் கேட்காத இடங்கள். பெயரைக் கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கும்: அமெரிக்கா. குடியேற்றத்தில் அத்தனை கெடுபிடி காட்டும் அந்த நாட்டின் சுங்க அட்டவணை, வீட்டுச் சாமான் விஷயத்தில் ‘வெளிநாட்டிலிருந்து வருகிற எவரும்’ என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. புத்தகம், அறைகலன், பாத்திரம் போன்றவை வெளிநாட்டில் ஓராண்டு புழங்கியிருந்தால் போதும். 3299 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பினால் வரியில்லை. அந்த ஓராண்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, கிளம்புவதற்குச் சற்று முந்தைய ஆண்டாகவும் இருக்க வேண்டியதில்லை. எச்-1பி விசாவில் போகும் கோயம்புத்தூர் பொறியாளர் வீட்டின் பழைய கிரைண்டருக்கு வரியில்லை. பயணத்துக்காகப் போன வாரம் வாங்கிய புதுக் கிரைண்டர் அந்த விலக்கில் சேராது.

கனடா இன்னும் ஒரு படி மேலே போய், இடைநிலைக்காரர்களுக்கென்றே ஒரு வகையை எழுதி வைத்திருக்கிறது: பருவகால வசிப்பாளர். கனடாவில் வசிக்காதவர், அங்கே பருவத்துக்குப் போய்த் தங்க ஒரு வீட்டைச் சொந்தமாக வைத்திருந்தாலோ குறைந்தது 3 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தாலோ, அந்த வீட்டுக்கான புழங்கிய சாமானை ஒரு தடவை வரியில்லாமல் கொண்டுபோகலாம். குடியேற்றத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடவில்லை. வீடு உண்மை, சாமான் பழையது, விற்கப்போவதில்லை என்ற மூன்றும் தெரிந்தால் சுங்கத்துறைக்கு வேறென்ன வேண்டும்? என் பார்வையில் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை இதுதான். மற்ற நாடுகள் இதைப் பார்த்து எழுதாதது சோம்பல்.

ஐரோப்பிய ஒழுங்குமுறையிலும் இப்படி ஒரு பக்கவாசல் இருக்கிறது, மாணவர்களுக்கு. படிக்க வருகிறவரின் துணிமணி, பாடப் பொருட்கள், மாணவர் அறைக்கு வழக்கமாகத் தேவைப்படும் சாமான்கள் ஆகியவற்றுக்கு வரியில்லை. வசிப்பிடம் மாறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஒரு கல்வியாண்டுக்கு ஒரு தடவையாவது இதைத் தந்தாக வேண்டும். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் இதை அறியாமல், அம்மா கட்டிக் கொடுத்த பார்சல் சுங்கத்தில் நின்றதும் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு வருகிறார்கள். தூதரகக்காரர்கள் கதை தனி. 1961 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு அவர்களுடைய குடித்தனப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் விலக்குத் தருகிறது. அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

எந்த வகையிலும் சேராதவருக்கு மிஞ்சுவது தற்காலிக இறக்குமதி. அது பற்றிய இஸ்தான்புல் உடன்படிக்கையில் பயணியின் சொந்தப் பொருட்களுக்கென்று ஓர் இணைப்பு இருக்கிறது. துணிமணி, நகை, கேமரா, கையில் தூக்கும் இசைக்கருவி, மடிக்கணினி, குழந்தை வண்டி, சக்கர நாற்காலி, விளையாட்டுச் சாமான் ஆகியவை அதன் மாதிரிப் பட்டியலில் வருகின்றன. ஆள் திரும்பும்போது அவையும் திரும்ப வேண்டும். வீணையோ வயலினோ கொண்டுபோகிறவருக்கு இது போதும். சோபாவை ‘பயணத்துக்குத் தேவையான பொருள்’ என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களின் சங்கதி இதன் மறுபுறம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் ‘டி.ஆர்.’ (டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ், அதாவது வசிப்பிட மாற்றம்) என்ற இரண்டெழுத்தை நன்றாக அறிவார்கள். இங்கே கேள்வி, உள்நாட்டில் வசிக்க அனுமதி உண்டா என்பதாக இருக்கவில்லை. வெளிநாட்டில் எத்தனை நாள் இருந்தார் என்பதாக இருந்தது. 2016 பயணச்சுமை விதிகள் அதை ஓர் ஏணியாக அடுக்கின: 3 முதல் 6 மாதம் இருந்தவருக்கு 60,000 ரூபாய்வரை, 6 மாதம் முதல் ஓராண்டுவரை 1 லட்சம், கடந்த 2 ஆண்டில் குறைந்தது ஓராண்டு இருந்தவருக்கு 2 லட்சம், 2 ஆண்டும் அதற்கு மேலும் இருந்தவருக்கு 5 லட்சம். கடைசிப் படிக்கு, அந்த 2 ஆண்டில் ஊருக்கு வந்துபோன நாட்கள் 6 மாதத்தைத் தாண்டக்கூடாது. தங்கையின் கல்யாணம், அப்பாவின் அறுவை சிகிச்சை, வீடு கட்டுவதற்கான விடுப்பு என்று வந்து வந்து போனவர்கள் பாஸ்போர்ட் முத்திரைகளைக் கூட்டிப் பார்க்கையில் அந்த வரம்பில் இடறுவார்கள். சிறப்புக் காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம் என்ற இடமும் விதியில் இருந்தது. காரணத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். வரம்புக்கு மேல் போனால் 35 சதவீத வரி, அதன் மேல் 10 சதவீதச் சமூகநலக் கூடுதல் வரி, ஆக 38.5 சதவீதம் என்று இருந்தது. தட்டையான டிவியின் கதை வேறு. நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மிரட்டிய 2013 ஆகஸ்டில் அதற்கு இருந்த இலவசச் சலுகை பறிக்கப்பட்டது. 2016 விதிகளிலும் திரும்பி வரவில்லை. துபாயில் ஐந்து ஆண்டு பார்த்த பழைய டிவியானாலும் சரிதான். தொகைகளை அரசு அவ்வப்போது மாற்றும். கிளம்பும் நாளில் நடப்பில் உள்ள அறிவிக்கையைப் பார்த்துக்கொள்வதே சரி.

சட்டத்தில் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் இதில் எரிச்சலூட்டுவது. ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 9-ஆம் பிரிவு, இன்னும் குடியேறாதவரும் 6 மாதத்துக்குள் குடியேறுவதாக உறுதி எழுதிக் கொடுத்து, பிணைத்தொகை வைத்து, சாமானை விலக்கோடு எடுத்துப் போகலாம் என்கிறது. 10-ஆம் பிரிவு, வேலைக்காகப் பழைய நாட்டை விட்டுவிட்டு இன்னும் இங்கே வந்து சேராதவருக்கு இடம் தருகிறது. அதாவது ஆளுக்கு முன் சாமான் வரும் என்பதை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். பிணைத்தொகை முறையை எல்லா இடைநிலைக்காரர்களுக்கும் விரித்தால் அரசுக்கு ஒரு காசு நட்டமில்லை: சொன்னபடி குடியேறினால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் வரியாகக் கழியும். குடியேற்றத்துறையின் தாமதத்துக்குச் சுங்கத்துறையின் வழியாக ஒருவரைத் தண்டிக்க வேண்டியதில்லை.

அதுவரை, கிளம்புகிறவர் வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது: முதலில் விசா, பிறகு அட்டை, பிறகு கப்பல். நான் கண்டவரையில் பெரும்பாலோர் கவிழ்வது வரியில் இல்லை, டெமரேஜில். அட்டை வரத் தாமதமானால் கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும். இலவச நாட்கள் முடிந்ததும் கப்பல் கம்பெனிக்கு ஒரு வாடகை, துறைமுகத்துக்கு ஒரு வாடகை என்று நாள்தோறும் ஏறும். சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்குக்கு மாற்றிவிட்டால் வரி கட்டாமல் காத்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி வைக்கக் காலவரம்பும் கிடையாது. ஆனால் அந்தக் கிடங்குக்கும் மாத வாடகை உண்டு, அது பெருநகரத் துறைமுகத்தின் விலையில் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் அட்டை வந்துவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்தவர், புறப்படும் ஊரிலேயே ஒரு கிடங்கறையில் சாமானை வைத்துவிட்டு இரண்டு பெட்டியோடு போவதுதான் மலிவு. வசிப்புரிமை வாங்கும் எண்ணமே இல்லாதவர் 7,000 யூரோ கணக்கைத் தன் எண்களில் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். கட்டிலையும் பீரோவையும் விற்றுவிட்டு அங்கே பழைய சாமான் கடையில் வாங்குவது பெரும்பாலும் பாதிச் செலவில் முடியும். பாட்டியின் வெண்கல உருளியை மட்டும் கையோடு கொண்டுபோகலாம்; நூறு ஆண்டுக்கு மேற்பட்டதோ என்ற ஐயம் வரக்கூடிய சிலையோ விளக்கோ இருந்தால், 1972 தொல்பொருள் சட்டம் இருப்பதால், இந்தியாவை விட்டு எடுக்கும் முன்பே தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவிட வேண்டும்.